தாய்மாமன் வீட்டு கிராபிக்ஸ் கார்டு

தீவு ஊரான லாமியின் மலைச்சரிவுக் குடியிருப்பில் உனைசியிடம் ஒன்றைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் கிடையாது. பகலில் பேக்கரியில் ரொட்டி சுடுவாள். மாலையில் கம்ப்யூட்டரில் ஆட்களைச் சுடுவாள். இரண்டிலும் கை சுத்தம். ஆனால் யாராவது வாசலில் நின்று, உறவு உரிமையில் கேட்கிறேன் என்ற பொருளில் "கெரெகெரே" என்று தலையைச் சொறிந்துவிட்டால் போதும், இல்லை என்ற சொல் அவள் வாயில் வராது.

அதனால் ஒரு கூத்து நடந்தது. தன் கேமிங் கம்ப்யூட்டருக்கு அவள் எதை வாங்கிப் போட்டாலும் அது அவளிடம் தங்காது. ராம் மெமரி வாங்கினால் எதிர்வீட்டுப் பையன் கேட்டு வாங்கிப் போவான். புது மின்விசிறி போட்டால் மேல்வீட்டுக்காரன் வருவான். இப்படியே போய், குடியிருப்பில் நான்கு நல்ல கம்ப்யூட்டர்கள் உருவாகிவிட்டன. நான்கும் அவள் கையால் பூட்டியவை. ஐந்தாவது அவளுடையது. அதுதான் இருப்பதிலேயே கிழடு.

அதில் அவளுக்கு வருத்தமா? கிடையாது. திமிர்தான் இருந்தது. "உனைசி கை கொடுத்த கை. ஏந்தின கை இல்ல" என்று அவளே சொல்லிக்கொள்வாள். இந்தத் திமிர் அவள் அம்மா லிதியாவிடமிருந்து வந்த சொத்து.

அந்த ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் ஐந்து ஆட்கள். அதுதான் அவர்கள் அணி. உனைசி தலைவி. தீவு நாடுகளுக்கான போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. இனி ஆட்டமெல்லாம் புதிதாக வந்திருக்கும் விளையாட்டில்தான் என்று போட்டி நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். புதியதில் புல் அசைகிறது, மழை ஒழுகுகிறது, சேறு தெறிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நல்லதாக இருந்தால் எல்லாம் வெண்ணெய் போல ஓடும். மற்ற நால்வர் வீட்டிலும் ஓடியது. உனைசியுடையதில் எதிரி ஒரு மரத்தடியில் தெரிவான். அடுத்தபடி இவள் செத்துக் கிடப்பாள். நடுவில் நடந்ததெல்லாம் திரைக்கு வந்து சேரவே இல்லை.

அணியில் ஒருவனான சகியுசாதான் முதலில் வாய் திறந்தான். முறைக்குக் கொழுந்தன். கிண்டல் அடிக்கப் பிறப்புரிமை பெற்றவன்.

"மதினி, நீங்க விளையாடுறது சண்டை மாதிரியே இல்ல. ஃபோட்டோ ஆல்பம் புரட்டுற மாதிரி இருக்கு."

"வாயை மூடுடா. உன் மிஷின்ல இருக்கிற கார்டு யாரோடது?"

"உங்களோடதுதான். அதான் சொல்றேன், கழட்டித் தந்துடறேன். சனிக்கிழமை ஆட்டத்துல உங்க பழைய மிஷின்ல நான் உக்காந்துக்கறேன்."

"கொடுத்ததைத் திருப்பி வாங்குற வீட்டுல நான் பொறக்கல."

"அப்ப நாலு பேரை வெச்சு விளையாடுவீங்களா? ஆளில்லன்னு வெளிய அனுப்பிடுவான்." சகியுசா குரலைத் தாழ்த்தினான். "நௌசோரியில உங்க மாமா வீட்டுல நல்ல மிஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. அவர் மகன் வில்லியாமே போன கிறிஸ்துமஸுக்கு பிரிஸ்பேன்ல இருந்து கொண்டுவந்து வெச்சுட்டுப் போனான். உங்க மாமா அதுல சர்ச் அறிவிப்பு டைப் அடிக்கிறார், மதினி. சர்ச் அறிவிப்பு!"

மாமா சவெனாதா லிதியாவின் கல்யாணத்துக்கு வராதவர். சாலமன் தீவு வம்சத்துக்காரனைக் கட்டுகிறாள் என்று முறுக்கிக்கொண்டவர். லிதியாவும் லேசுப்பட்டவளா? அண்ணன் வீட்டுப் படியைச் சாகும்வரை மிதிக்கவில்லை. அவள் இறந்தபோது மாமா இழவுக்கு வைக்கும் பாய்க்கட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். உனைசி அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது ஒரு கார்டுக்காக அந்த வீட்டுக்குப் போவதா என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் போகாவிட்டால் தன்னை நம்பிய நாலு பேரும் வெளியே நிற்பார்கள். மறுநாள் வேலை முடிந்ததும் சந்தையில், பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது முன்னால் வைக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு நௌசோரி பஸ் ஏறினாள்.

மாமா வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, முறைப்படி கை தட்டித் தலை தாழ்த்தி, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

"மாமா, பெரிய மனசு பண்ணணும். எங்க அணிக்காக வந்திருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற கார்டை சனிக்கிழமை வரைக்கும் இரவல் கொடுத்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து..."

மாமாவின் முகம் கறுத்தது. வேர்க்கட்டை அவள் பக்கமே தள்ளினார். "இதை நான் தொட மாட்டேன்."

உனைசிக்குக் காது சுட்டது. கேட்டதே தப்பு என்று எழுந்தாள்.

"உக்காரு. யாரு நீ?"

"லிதியா மக."

"லிதியா யாரு?"

"உங்க தங்கச்சி."

"தங்கச்சி மக மாமன் வீட்டுக்கு வந்து, கை தட்டி, இரவல் கேப்பாளா? அடுத்த ஊர்க்காரன் மாதிரி? மாமன் வீட்டுல கேக்காமலே எடுத்துக்கற வாசுங்கிற உரிமை எதுக்கு இருக்கு? என் அக்கா மகன் என் படகையே அவுத்துக்கிட்டுப் போனான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? ஊரே வந்து கேட்டுச்சு, ஆமாடா, மருமகன் கொண்டுபோயிட்டான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உங்கம்மா கோபத்துல இந்த வீட்டுல இருந்து ஒரு கரண்டி கூட எடுத்துக்கல. போயிட்டா. சரி, அவ மகளாவது வருவா, எதையாவது தூக்கிட்டுப் போவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." அவர் குரல் உடைந்தது. "நீ வந்து இரவல் கேக்குற!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மரவள்ளிக்குக் களை எடுக்கப் போறேன்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

உனைசி மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினாள். உள்ளே கார்டு இரண்டு ரொட்டி அச்சை ஒட்டிவைத்த நீளத்துக்குப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் கவலையெல்லாம் மறந்து சிரிப்பு வந்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்றுபோனது. இவ்வளவு மின்சாரம் குடிக்கிற கார்டை அவள் வீட்டுப் பழைய பவர் சப்ளை தாங்காது. இதை மட்டும் கொண்டுபோனால் ஒரு பயனும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மாமாவின் தலை தெரிந்தது. களையும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை.

"மாமா, இதுக்கு பவர் சப்ளையும் வேணும் போல இருக்கு. அதையும் நான்..."

"மறுபடியும் கேக்குறா பாரு! நான் களை எடுத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு எதுவும் தெரியாது!"

அதன்பிறகு உனைசி கேட்கவில்லை. கார்டை எடுத்தாள், பவர் சப்ளையைக் கழற்றினாள், ராமை உருவினாள். கை பழகியதும் துணிச்சல் வந்துவிட்டது. மின்விசிறிகளையும் விடவில்லை. மாமா உள்ளே வந்தபோது மேசைமேல் வெறும் தகரப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அவர் அதற்குள் குனிந்து பார்த்தார். ஆற்றில் பெரிய மீன் பிடித்தவர் போல முகம் மலர்ந்தது.

"வில்லியாமே சும்மா விடுவானா, மாமா?"

"அவன் உனக்கு மச்சான். போன்ல திட்டுவான். நீயும் நல்லா திட்டு, எனக்கும் பொழுது போகும்."

"சர்ச் அறிவிப்பு?"

"கை இருக்கு, பேனா இருக்கு."

சனிக்கிழமை லாமி ஊர்க்கூடத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஆட்டம் தொடங்கியது. உனைசியின் திரையில் புல் அசைந்தது, மழை சரிந்தது, எதிரி மரத்தடியிலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடியதை முழுதாகப் பார்த்தாள். பார்த்தது மட்டுமா, அவன் அந்த அடுத்த மரத்தை எட்டவே இல்லை. எதிரணியான சமோவாக்காரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அன்று உனைசி இருந்த இருப்புக்கு அவர்கள் போதாது. இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டார்கள்.

மாமா சர்ச்சுக்குப் போவது போல டை கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். விளையாட்டில் அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பக்கத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம், "என் வீட்டைக் காலி பண்ணிட்டா, பாத்தீங்களா" என்று குறைப்பட்டுக்கொள்வது போலப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் வர்ணனையாளர் வென்ற அணித் தலைவியைத் திரையில் கூப்பிட்டார். "நேத்து வரைக்கும் உங்க கம்ப்யூட்டர் நொண்டி அடிச்சுதுன்னு கேள்விப்பட்டோம். எந்தக் கடையில வாங்கிப் போட்டீங்க?"

தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் வாங்கியதாக உனைசி ஒத்துக்கொண்டதில்லை. இப்போது மைக்கை நெருங்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உரக்கவே சொன்னாள்.

"கடையில வாங்கல. எங்க தாய்மாமா வீட்டுல எடுத்தது."

முன்வரிசையில் மாமா நாற்காலி கவிழ எழுந்தார். "கேக்காம எடுத்ததுன்னு சொல்லு, தாயி! நாலு நாட்டுக்காரனும் கேக்கட்டும்!"