ப்ரையாரிட்டைஸ் என்றொரு வியாதி

போன வாரம் வீட்டில் இன்டர்நெட் படுத்துவிட்டது. போன் போட்டேன்.

"உங்க கம்ப்ளெயின்ட்டை ப்ரையாரிட்டைஸ் பண்ணியிருக்கோம் சார்" என்றது ஒரு பெண் குரல்.

"சரிம்மா, ஆள் எப்போ வருவாங்க?"

"ப்ரையாரிட்டைஸ் பண்ணியிருக்கோம் சார்."

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் ஓட்டலாம்? எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இதே வார்த்தை ஒரு புளியமரத்தையே நகர்த்தியதைப் பார்த்தவன் நான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். கள்ளக்குறிச்சியில் எனக்கு குமாஸ்தா உத்தியோகம். சாயங்காலம் உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நீலகண்டன் சார் வாரம் ஒரு வெர்ப் கொடுப்பார். அதை வைத்து சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் ப்ரையாரிட்டைஸ். எது முதலில் என்று முடிவு செய்வது.

"மை ஒய்ஃப் ப்ரையாரிட்டைஸஸ் ஹெர் மதர்" என்றேன் நான். சார் பலமாகத் தலையாட்டினார். இலக்கணத்துக்கா, அனுபவத்துக்கா... தெரியவில்லை.

அடுத்து ஸ்டெல்லா அக்கா. நைனார்பாளையத்துக்காரர், கரியாலூர் பக்கத்து மலை கிராமங்களில் நர்ஸ். "வி மஸ்ட் ப்ரையாரிட்டைஸ் த மதர்" என்றார் சுருக்கமாக. அவர் சொன்னது பிரசவத்துக்கு வரும் தாயை. என் மாமியாரை அல்ல.

கடைசியாக கோவிந்தன். தியாகதுருகம் பக்கம் விவசாயக் குடும்பம், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பி.காம். முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான்.

"எனக்கு எல்லாமே அர்ஜென்ட்டு சார். இதுல இன்னாத்த ப்ரையாரிட்டைஸ் பண்றது?"

"இங்கிலீஷ்ல சொல்லுப்பா."

"அது தெரியாமதான சார் ஃபீஸ் கட்டிக்கினு வரேன்?"

அதோடு வகுப்பு முடிந்தது. அந்த வாரமே சாலை மறியல் ஆரம்பித்தது. ஊருக்குள் வரும் ரோடுகளில் எல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். போராட்டக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எந்த ஆபீசிலும் கோவிந்தனை 'உட்கார்' என்றுகூட யாரும் சொன்னதில்லையே! மரம் என்ன பாவம் செய்தது என்பது வேறு விஷயம்.

பஸ் இல்லை, ஆபீஸ் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ரோட்டுக்கு, சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். அங்கே மறியலுக்குத் தலைமை கோவிந்தனின் தாய்மாமன் ராமசாமி. கோவிந்தன் அவர் பக்கத்தில், கையில் கொடியோடு.

அப்போதுதான் ஒரு ஜீப் வந்து நின்றது. ஸ்டெல்லா அக்கா குதித்து இறங்கினார். பின்சீட்டில் மலை கிராமத்துப் பெண் ஒருத்தி, நிறைமாதம். புடவையெல்லாம் ரத்தம். அவள் புருஷன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வழி வுடுங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"எந்த வண்டியும் வுடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவும்மா" என்றார் ராமசாமி. "ஒன்ன வுட்டா நூறு வரும். நேத்து ஒருத்தன் பொண்டாட்டிக்கு வயித்துவலின்னு சொல்லிட்டுப் போனான். பாத்தா, உள்ள சிமென்ட் மூட்ட!"

தள்ளி நின்ற போலீஸ்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

அக்கா கோவிந்தனைப் பார்த்தார். அவன் தலை குனிந்திருந்தது. தாய்மாமன் முன்னால் அவன் என்ன பேசுவான்? அந்த மாமன் மகளைத்தான் அவனுக்குக் கேட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே அவனைத் தமிழில் மடக்கினால் மாமனுக்கு ரோஷம் வந்துவிடும். அக்காவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கோவிந்தன்! ப்ரையாரிட்டைஸ்! நௌ!"

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"இன்னாடா சொல்லுது அந்தம்மா?" என்றார் மாமன்.

கோவிந்தன் ஜீப்புக்குள் பார்த்தான். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தாள்.

"ப்ரையாரிட்டைஸாம் மாமா."

"அப்டின்னா?"

"ரொம்ப சீரியஸு மாமா. இப்பவே கொண்டும் போவலன்னா ரெண்டு உசுரும் நிக்காது."

பின்னாலிருந்து ஒருவர் உச்சுக்கொட்டினார். "எங்க சின்னம்மாவுக்கும் அதாங்க வந்துச்சி. பொழைக்கல."

இதுவரை அந்த வியாதியைக் கேள்விப்படாத ராமசாமியின் முகம் வெளுத்துவிட்டது. கொடியைப் பக்கத்து ஆளிடம் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னாங்கடா பாத்துக்கினு நிக்கிறீங்க? கயித்தக் கொண்டாங்கடா!"

மரத்தை வெட்டிய அத்தனை பேரும் சேர்ந்து அதை இழுத்தார்கள். நானும் பிடித்தேன். வானம் பார்த்த போலீஸ்காரர்களில் ஒருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். மரம் முனகியபடி ஓரமாய் நகர்ந்தது. ஜீப் அந்தச் சந்தில் உரசிக்கொண்டு போனது. கயிறு அறுத்த உள்ளங்கையைப் பார்த்தபடி கோவிந்தன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னாராம்.

கதை இதோடு முடிந்திருந்தால் கோவிந்தன் தப்பித்திருப்பான். ராமசாமிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே போய், "அந்த ப்ரையாரிட்டைஸ் வந்த பொண்ணு எந்த வார்டுங்க?" என்று டாக்டரிடமே விசாரித்திருக்கிறார். டாக்டர் சிரித்துச் சிரித்து அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

பழத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார் மனுஷன். ஆனால் மருமகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். பெண் கொடுக்கும் பேச்சும் அப்படியே நின்றது.

மறியல் ஓய்ந்து வகுப்பு திறந்தபோது நீலகண்டன் சார் கோவிந்தனை எழுப்பினார். "உன் சென்டென்ஸ் பாக்கி இருக்கே?"

எழுந்தான். கொஞ்சம் யோசித்தான்.

"ஐ ப்ரையாரிட்டைஸ்டு. நௌ மை மாமா நாட் டாக்கிங்."

ஸ்டெல்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

சார் மட்டும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "'இஸ்' விட்டுட்டப்பா."