போப்பாண்டவருக்காக ஏரிக்குப் போகாத நாள்

தெருமுனை மாதா கோயிலில், காலமான போப்பாண்டவரின் படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைகிறது. என் மூக்கில் ஏறுவதோ இறால் கவுச்சி.

எனக்கு எட்டு வயதில் வேறொரு போப்பாண்டவர் இறந்தார். பழவேற்காட்டு ஏரிக்கரையில், இன்று இருந்த சுவடே தெரியாத எங்கள் ஓலைக் கோயிலில் அவர் படத்துக்கு மாலை போட்டு, ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ரோமாபுரிச் சாவுக்கும் விதித்தார், சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார். மறுநாள் காலை ஆண்கள் அங்கே கூடி ஜெபமாலை உருட்டினார்கள். கண்கள் மட்டும் படத்தை விட்டுவிட்டு, தட்டி இடுக்கு வழியாக, கரையில் கிடந்த அடுத்தவன் படகையே காவல் காத்தன.

"எவனாவது ஏரில எறங்குனான்னு தெரிஞ்சுது, ஊரை வுட்டே தள்ளி வெச்சுடணும்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் என் நைனா.

மெழுகுவத்தி ஏற்ற அவர் என் கையைப் பிடித்தபோது, புகையையும் மீறி அவர் விரல்களில் இறால் கவுச்சி அடித்தது. படகும் வலையும் இல்லாமல், விடிவதற்குள் ஏரிச் சேற்றில் கையால் தடவிப் பிடித்திருக்கிறார்.

"இன்னா நைனா, உன் கையி..."

"கம்முனு ஜெபம் பண்ணு."

நான் முழிப்பதைப் பார்த்த உபதேசியார், பரிவோடு குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். அவர் விரலிலும் அதே கவுச்சி.