கோமதிநாயகம் அண்ணாச்சி குடித்ததே இல்லை

இல்லை மாரியப்பா, குடித்துச் சாகவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை அந்த மனுசன்.

டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் கேட்டாய். அதனால் அத்தனை பேரும் படிக்கிற மாதிரி, இதே டீக்கடைச் சுவரில் எழுதி ஒட்டுகிறேன். பஸ் முதலாளி வந்தால் அவரும் படிக்கட்டும்.

நம்ம புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கோமதிநாயகம் அண்ணாச்சி நேற்று விடியற்காலை போய்விட்டார்... பனவடலிசத்திரத்தில், வீட்டில். காய்ச்சல். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவருக்கு இருந்தது நரம்பு வியாதி. மதுரையில் ஒரு டாக்டர் பேர் சொன்னார்... மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். ஒன்பதாம் வகுப்போடு ஓடிவந்தவன் நான், அதைச் சொல்லப் பழகுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது.

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு கெடுமாம். வரும், போகும், மறுபடி வரும். வெயில் ஏறினால் கால் பின்னும், ஒரு ஆள் இரண்டாகத் தெரியும்.

"ஒத்த ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிக்காம இருக்கதே பெரும்பாடுலே" என்பார்.

ஓடுகிற பஸ்ஸில் பிரச்சினை இல்லை. நம் ரோட்டில் எல்லாரும்தான் ஆடுகிறார்கள், அவர் ஆட்டம் யாருக்குத் தெரியும்? பஸ் நின்றால்தான் ஆபத்து.

கிளீனர் நான் முதலில் குதிப்பேன். அவர் என் பிடரியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே... அதனால் கூடவே திட்டவும் செய்வார்.

"ஏலே மூதி, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனியா? ஒனக்கெல்லாம் சோறு ஒரு கேடா?"

பிறகு காதுக்குள், "கொஞ்சம் மெதுவா நட, மக்கா."

ஒருநாள் புளியங்குடியில் எலுமிச்சை மூட்டையோடு நின்ற ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "அந்தப் பிள்ளைய ஏன்யா இந்தப் பாடு படுத்துதீரு? கைய எடும்!"

அண்ணாச்சி கையை எடுத்தார். நேரே அவள் மூட்டைமேல் விழுந்தார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. மதுவிலக்கு வந்த பிறகும் நம் ஊரில் ஒருவன் தள்ளாடினால் காரணம் கள்ளச்சாராயம் ஒன்றுதானே? ஷெட்டில் நிறுத்தி, "ஊதும் வே" என்றார். அண்ணாச்சி ஊதினார். வெற்றிலை வாசம்தான்.

முதலாளி என் பக்கம் குனிந்தார். "வாடையே அடிக்காத சரக்கு எங்கலே கிடைக்கு?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார்.

"குடிகாரன்னா திருத்தப் பாப்பாரு" என்றார் பிற்பாடு. "சீக்காளின்னா வீட்டுக்கு அனுப்பிருவாரு. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலதாம்லே."

முதலாளி திருத்தத்தான் பார்த்தார். கோமதியம்மன் சன்னதிக்குக் கூட்டிப்போய், இனிக் குடிக்க மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார். உலகத்திலேயே சுலபமான சத்தியம்...

ஐப்பசி மழைக்கு வியாதி தானாக அடங்கியது. அண்ணாச்சி நூல் பிடித்த மாதிரி நடந்தார். முதலாளிக்கு ஒரே பெருமை. ஊர்ப் பெண்கள் புருசன்மாரை அவரிடம் இழுத்துவர ஆரம்பித்தார்கள்... எங்க வீட்டுக்காரரிடமும் ஒரு சத்தியம் வாங்கிக் கொடுங்கள் என்று.

பிறகு சித்திரை வெயில். ஷெட் வாசலிலேயே விழுந்தார்.

"அம்மன் முன்னால நின்னு சொல்லிட்டு மறுபடி குடிச்சிட்டீரே! பொய்ச்சத்தியக்காரன்!" முதலாளி கத்தினார்.

அது மட்டும் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. குடிகாரன் பட்டம் சரி. அம்மனை ஏமாற்றியவன் என்றால் எப்படி? தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

முதலாளி அசந்துபோனார். "அட, இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா வே?"

"சொல்லியிருந்தா?"

"அப்பமே நிப்பாட்டியிருப்பேன்."

அன்றைக்கே நிறுத்தினார்.

புக்கிங் ஜன்னலிலாவது வையுங்கள் என்று அண்ணாச்சி கேட்டார். "உக்காந்து டிக்கெட் குடுக்கதுக்குக் காலு எதுக்கு மொதலாளி?" யோசிக்கிறேன் என்றார் முதலாளி. மச்சினனை அங்கே உட்காரவைத்துவிட்டு யோசித்தார்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. முதல் கேள்வியே, "புதுக் கண்டக்டர் எப்படிலே?" (அந்தப் புதுக் கண்டக்டரும் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அதனால்தான் இதை எழுதுகிறேன்.)

"ஜோரா நடக்காரு அண்ணாச்சி. டிக்கெட் போடத்தான் மறந்துருதாரு."

இருமல் வரும்வரை சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"மொதலாளிகிட்ட சொல்லிராதலே... பாவம், அவனுக்கும் வேல போயிரும்."

போயிட்டு வாங்க அண்ணாச்சி.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வண்டி கிளம்பப்போகிறது, நான் போகணும்...