இல்லாத வீடுகளிலிருந்து வந்த தண்ணீர்

நல்ல உச்சி வெயில். புளியங்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் ரோட்டில், கூரையே இல்லாத ஒரு வீட்டின் முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றோம் — நானும் தர்ஷினியும். சுவர்களுக்கு நடுவே ஒரு பாலை மரம் வளர்ந்திருந்தது. ஆனால் முற்றம்? அன்று காலைதான் கூட்டியது போல விளக்குமாற்றுத் தடம் அப்படியே இருந்தது.

“அன்ரி, இந்த வீட்டிலையிருந்துதான் எனக்குப் போத்தல் வந்தது. தண்ணி நிரப்பி வந்தது,” என்றாள் தர்ஷினி.

எனக்கு உடம்பு சில்லிட்டது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு!

தர்ஷினி நெளுக்குளத்தில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கம்பஸில் சுகாதார விஞ்ஞானம், கடைசி வருடம். கிணற்றுத் தண்ணீருக்கும் சிறுநீரக நோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆராய்கிறாள். அதற்கு ஓர் ஆராய்ச்சி விருது இருக்கிறது. கிடைத்தால் மேற்படிப்புச் செலவு முழுவதும் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால்... தகப்பனை டயலிசிஸுக்குக் கொண்டு ஓடுகிற வீடு அது. படிப்பை மூட்டை கட்டிவிட்டு வேலை தேட வேண்டியதுதான்.

விருதுக்காரர் கேட்டது அறுபது வீட்டுத் தண்ணீர். அவர்கள் அங்கீகரித்த பட்டியலில் ஒரு வீடும் குறையக் கூடாது, மாறவும் கூடாது. ஊர் மாதர் சங்கத்திடம் பட்டியல் வாங்கி, போத்தல்களையும் படிவங்களையும் அவர்களிடமே கொடுத்து அனுப்பியிருந்தாள். அறுபதும் திரும்பி வந்தன. பிள்ளை துள்ளிக் குதித்தாள்.

பிறகு லாபில், இந்த ரோட்டில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு வீட்டுப் போத்தல்கள் ஒரே அளவைக் காட்டின. தசம தானம்கூட மாறவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் என்றாலும் அப்படி வராதாம். அதைப் பார்க்கத்தான் வந்தோம்.

கையிலிருந்த இந்த வீட்டுப் படிவத்தை மறுபடி வாசித்தேன். ‘மகள், வயது 33. வெயிலில் நின்றால் தலைச்சுற்று. தண்ணீர் குறைவாகக் குடிப்பா.’

குடிப்பாவா? எங்கே இருந்து?

“ஆரைத் தேடுறியள்?” வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். தூக்கிவாரிப் போட்டது! பக்கத்து வளவுப் பவளக்கா; அந்த நான்கு பெயர்களில் ஒருத்தி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் விளக்குமாறு.

“இந்த வீட்டுக்காரர் எங்கை அக்கா?” என்றேன்.

“சண்டைக்கு இடம்பெயரேக்கை போனவை. இன்னும் வரேல்லை.”

“மற்ற ரெண்டு வீடும்?”

“அவையும்தான். நான் மட்டும் வந்திட்டன்.”

“அப்ப இந்தத் தண்ணி?” தர்ஷினி கேட்டாள்.

“என்ர கிணத்துத் தண்ணிதான். அவையின்ர கிணறுகள் மண் மூடித் தூந்துபோச்செல்லே... போகேக்கை அந்தப் பிள்ளைக்குப் பதினாறு. ஒவ்வொரு பதிவுக்கும் வயசைக் கூட்டித்தான் எழுதுறனான்.”

பவளக்காவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வன்னியில் பட்டியல் என்றால் சும்மாவா? நிவாரணம், வீட்டுத்திட்டம், காணி — எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். பெயர் விடுபட்டால் ஆளே விடுபட்டதுதான். யார் எதற்கு எழுதுகிறார்கள் என்றுகூடக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துப் பதிந்துவிடுவோம். விஞ்ஞானத்துக்கு இது தெரியாது.

புறப்படும்போது பவளக்கா கிட்ட வந்தா. கூரையில்லாத வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தா. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்பது போலக் குரலைத் தாழ்த்தினா.

“பிள்ளை, அவளுக்கு வருத்தம் ஏதும் இருக்கெண்டு காட்டுதோ?”

தர்ஷினி என் கையிலிருந்த படிவத்தை வாங்கி மடித்தாள். எனக்கு அந்த வீட்டுப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

“பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

திரும்பும் வழியில் வெட்கமில்லாமல் நானே சொன்னேன்: “மூண்டு வீடுதானே, விடன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“இல்லாத ஆக்கள் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கினம் எண்டு நான் எப்பிடி அன்ரி எழுதுறது? அப்பா மாதிரி ஆக்களுக்காகத்தானே இதைச் செய்யிறன்.”

மூன்று வீடுகளையும் நீக்கினாள். விருதுக்காரருக்கு அனுப்பும் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டாள். இறந்துவிட்டார்கள் என்று எழுதலாமா? யார் கண்டது? வெளிநாடு? அதுவும் தெரியாது. அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு, ‘வீட்டில் இல்லை’ என்று தட்டி அனுப்பினாள்.

நேற்றுப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். அவளுடைய நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். பட்டியலை மாற்ற முடியாதாம். ஆனால் அந்த மூன்று வீட்டாரும் திரும்பி வந்ததும் தண்ணீர் எடுத்து அனுப்பினால் போதுமாம். அதுவரை விருதை அவளுக்காக வைத்திருப்பார்களாம்!

அவர்கள் வருவார்கள் என்று காத்திருப்பவர்கள் இப்போது இரண்டு பேர்.