அம்மா வாங்காத சாவி

மே மாதத்து "லூ" என்கிற அனல்காற்று வீட்டுக்குள் புகுந்தால் பல்லிடுக்கில் மண் நறநறக்கும். சோற்றில் மண், குடத்துத் தண்ணீரில் மண், தலையணையைத் தட்டினால் அதிலும் மண், தகரக் கதவில் தெரியாமல் கை பட்டுவிட்டால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுள்ளென்று சுடும். புத்தியுள்ள எவரும் தில்லியில் அந்த மாதத்து நடுப்பகலில் கதவைத் திறந்துவைக்க மாட்டார்கள். நாங்கள் வைத்தோம். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் கோடை முழுவதும் எங்கள் கேம்ப்பில் ஒரு கதவுகூடச் சாத்தப்படவில்லை, ஏனென்றால் என் அம்மா அப்படி உத்தரவு போட்டிருந்தாள்.

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புக்குப் பின்புறம் ஓடிய சாக்கடைக் கால்வாயை, எல்லோரும் "நாலா" என்று சொன்ன அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒட்டித்தான் எங்கள் கேம்ப் இருந்தது. விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் செங்கல்லும் தகரமும் தார்ப்பாயுமாகக் கட்டிக்கொண்ட ஒற்றை அறை "ஜுக்கி"கள், நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், முனையில் எப்போதும் சண்டை நடக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். ஆண்கள் கட்டட வேலைக்கும் மண்டியில் மூட்டை தூக்கவும் போனார்கள், பெண்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். என் அப்பா மூட்டை தூக்கினார், அம்மா பாத்திரம் தேய்த்தாள், மிச்ச நேரத்தில் கேம்ப்பின் "பிரதான்" ஆக இருந்தாள்.

பிரதான் என்றால் தலைவர். அம்மாவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னபோது பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, பள்ளி வாசலில் வரிசையாக உட்காரவைத்துவிட்டு, தானும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரம் ஆனபிறகு தலைமையாசிரியை இறங்கி வந்தார். அன்றிலிருந்து அவள் பிரதானக்கா. "ஹம் பீக் நஹி மாங்தா சாப், ஹம் வோட் தேதா" என்று எந்த அதிகாரியிடமும் ஆரம்பித்துவிடுவாள். நாங்கள் பிச்சை கேட்கவில்லை, ஓட்டுப் போடுகிறோம் என்பது அதன் பொருள். தில்லியில் பிறந்த எங்களுக்கு அந்த இந்தியைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது, அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்காட்டி விழுந்து விழுந்து சிரிப்போம். அதிகாரிகள் மட்டும் ஏனோ சிரித்ததில்லை.

அந்தக் கோடையில்தான் நாலாக் கரையைக் காலி செய்யப்போகிறார்கள் என்றும், அதற்கு முன்னால் வீடு வீடாகச் "சர்வே" எடுப்பார்கள் என்றும், கணக்கில் வந்த குடும்பங்களுக்கு தில்லியின் வடகோடியில் அடுக்குமாடி வீடு கொடுப்பார்கள் என்றும் செய்தி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. சர்வேக்காரர்கள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் "பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த வீட்டில் யாரும் இல்லை என்று பொருள், இருபது வருஷமாக அங்கே பிள்ளை பெற்று வளர்த்திருந்தாலும் இல்லைதான். எப்போது வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பகலில் ஆளில்லாத கேம்ப் எங்களுடையது, கோடையிலோ பாதிப் பேர் ரயிலேறி ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். அம்மா வீடு வீடாக நின்று சொன்னாள்.

"இந்த வருசம் யாரும் ஊருக்குப் போவக் கூடாது. கதவு தெறந்தே இருக்கணும், உள்ள ஒரு பெரிய ஆளு இருக்கணும். ஓட்டு கேக்க வரும்போது மட்டும் எல்லா வீடும் கண்ணுக்குத் தெரியுது இல்ல? எண்ண வரும்போதும் தெரியணும்."

வேலையை விட்டவர்கள் விட்டார்கள், லீவு கேட்டுத் திட்டு வாங்கியவர்கள் வாங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் எல்லோரையும் கூட்டி, எரிகிற சூடத்தை அடித்துச் சத்தியம் வாங்கினாள். எல்லா வீடும் கணக்கில் வரும்வரை யாரும் புது வீட்டுச் சாவியைத் தொடுவதில்லை என்று ஒவ்வொருவராக வந்து சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார்கள். அப்பாவும் அடித்தார். சூடம் அடித்துச் சொன்ன சொல் தவறினால் கண் போய்விடும் என்று நம்புகிற ஜனங்கள், அதனால் எனக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்களுக்கு அடுத்த வீட்டுப் பச்சையம்மா, குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் துணி தேய்த்துப் பிழைத்த விதவை. நான் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான் என்பார்கள். ஊரில் அவள் தாய் இறந்துபோனதாகத் தகவல் வந்தபோது அவள் அழுதுகொண்டே என் அம்மாவைத்தான் பார்த்தாள், போகட்டுமா என்று கேட்கிற மாதிரி. அம்மாவும் மனுஷிதானே. "போடி, பெத்தவ காரியத்தப் பாத்துட்டு வா. உன் வூட்ட நான் பாத்துக்கறன்" என்றாள்.

பச்சையம்மா ரயிலேறிய மூன்றாம் நாள் சர்வேக்காரர்கள் வந்தார்கள்.

பிரதான் என்பதால் அம்மாவும் அவர்களோடு சந்து சந்தாகப் போனாள். எங்கள் வீட்டில் அப்பா இருந்தார், நிலைக்கட்டையில் சிவப்பு பெயிண்டில் நம்பர் விழுந்தது. பச்சையம்மா வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னால் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் காட்டினாள். திறந்திருந்த கதவு, உள்ளே அடுப்பு, கொடியில் புடவை, கரிப்பெட்டி, தேய்த்து அடுக்கிய யார் யாருடையவோ துணிகள். "மா மர் கயா சாப், காவ் கயா" என்று தன் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாள், தாய் செத்துப்போனாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்தச் சர்வேக்காரர் கெட்டவராகவும் தெரியவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பானையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆளைக் காட்டு, ஆள் இல்லாத வீட்டை எப்படி எழுதுவது என்று பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு விரியத் திறந்து கிடந்த அந்தக் கதவுக்கு நேரே "பூட்டியிருந்தது" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்த பச்சையம்மா சத்தம் போடவில்லை. எண்ணெய் காணாத தலையோடு வாசலில் நின்று நம்பர் இல்லாத நிலைக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். "நான் இங்க இல்லன்னு எழுதிட்டாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். 

அப்புறம் மழைக்காலம் முழுவதும் அம்மா ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். பச்சையம்மாவைப் போல விடுபட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், வேலையை விட முடியாதவர்கள். முதலில் கேம்ப்பே திரண்டு போனது. பிறகு பாதி. பிறகு சாவி வாங்கிக்கொள்ள ஒரு கடைசித் தேதி சொன்னார்கள், அதன்பின் அம்மா பின்னால் போக விடுபட்டவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். அம்மா வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் ஒரு டெம்போ வரும், ஒரு வீட்டுச் சாமான் ஏறும், சந்து இன்னும் கொஞ்சம் காலியாகும். சூடம் அடித்த கைகள்தான் பீரோவைத் தூக்கி ஏற்றின. கோயில் வழியாகப் போகாமல் நாலாப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், அந்த மட்டும் வெட்கம் இருந்தது. யாருக்கும் கண் போகவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழவில்லை.

ஏனென்றால் நானும் அந்தப் புது வீட்டைப் பார்த்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், மூன்று பஸ் மாறி. நாலாவது மாடி, சுண்ணாம்பு வாசனை, சமையலுக்கு ஒரு மேடை. உள்ளேயே கக்கூஸ், அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். பொதுக் கக்கூஸ் வரிசையில் கையில் டப்பாவோடு ஆண்கள் முன்னால் நின்று பழகிய ஒரு பெண்பிள்ளைக்கு அந்தத் தாழ்ப்பாள் என்னவாக இருந்தது என்பதை வேறு யாருக்கும் விளங்கவைக்க முடியாது. நான் அதைப் போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன். குழாயைத் திருகினேன், தண்ணீர் வரவில்லை, புஸ்ஸென்று காற்றுதான் வந்தது, அதுவே போதும் போலிருந்தது. அப்பா ஜன்னலோரமாக நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மூட்டை தூக்கியே அவர் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது, நாலாவின் ஈரமும் நாற்றமும் சேர்ந்து ஒவ்வொரு மழைக்கும் அவரைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவர் அம்மாவிடம் கேட்டார். அதட்டத் தெரியாத மனுஷர், கெஞ்சித்தான் கேட்டார்.

"செல்வி, இன்னொரு மழ என்னால தாங்க முடியாதும்மா. சாவிய வாங்கிக்குவோம். பச்சையம்மாவயும் நம்ம கூடவே இட்டுக்கினு போயிடலாம். நான் வாணாம்னா சொல்றன்?"

அம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவ படுக்க எடம் கேக்கலய்யா. நானும் இங்கதான் இருந்தன், ஒத்துக்கங்கன்னு கேக்கறா. நான் போயி கையெழுத்து போட்டு சாவிய வாங்கிட்டா, அவ இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். என் வாயால அத சொல்லச் சொல்றியா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அழுதேன், கத்தினேன், சோறு வேண்டாம் என்றேன். தேதி வந்தது, போனது.

புல்டோசர் வந்த காலையில் கேம்ப்பில் பத்து வீட்டு ஆட்கள்கூட இல்லை. அம்மா ஓட்டுப்போடும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். ஒரு பெண் போலீஸ் அவளை முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தி நிறுத்தினாள், வழியில் இருக்கும் வாளியை நகர்த்துவதுபோல, கோபம்கூட இல்லாமல். நம்பர் போட்ட எங்கள் வீடும் நம்பர் இல்லாத பச்சையம்மா வீடும் ஒரே தள்ளலில் விழுந்தன. அம்மாவின் இந்தி அன்று எங்கேயோ போய்விட்டது, தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தாள், கேட்க அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். ஒரு வாரம் நடைபாதையில் கிடந்தோம். பச்சையம்மா கரிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறினாள், பிறகு அவளைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பா ஒரு மாடிப்படிக்கு அடியில் வாடகைக்குப் பிடித்த அறையில் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மூச்சுக்குத் திணறியபோதும் அவர் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன், வருஷக்கணக்காக. நீதான் கொன்றாய் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், அப்படித்தான் நினைத்தேன், சில நாட்களில் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று நாலாவின் மேல் மூடி போட்டுவிட்டார்கள். கரையில் புல்தரையும் நடைபாதையும் இருக்கின்றன, காலையில் ஜனங்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், மாரியம்மன் இருந்த இடத்தில் உடற்பயிற்சி சாதனங்களை நட்டிருக்கிறார்கள். நான் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிப் பயணிகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். துவாரகா ஓரத்தில் வாடகை வீடு, உள்ளேயே கக்கூஸ், தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. நான் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் இதைத் தமிழில் எழுதுகிறேன், தமிழ் எழுத்து தெரியாத என் மகள் இதைப் படிக்க மாட்டாள். அம்மா முழங்கால் வலியோடு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாள், அதிகம் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். ரயில் பாதையோரத் தமிழ்க் கேம்ப் ஒன்றிலிருந்து, எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு. சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம், சர்வே வரப்போகிறதாம், பிரதானக்கா வந்து ஒரு வார்த்தை பேசினால் ஜனங்கள் ஒன்றாக நிற்பார்கள் என்றார்கள். அம்மா வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"போயி என்னா சொல்லப் போற? உன் பேச்சக் கேட்டு நம்ம கதி என்னா ஆச்சுன்னு சொல்லப் போறியா?" என்றேன்.

"அதத்தான் சொல்லப் போறன்" என்றாள் அம்மா, கொசுவத்தை மடித்துக்கொண்டே. "யாருக்காவும் யாரும் நிக்காதீங்க. அவனவனுக்கு சாவி குடுத்தா வாங்கிக்கினு போயிடுங்க. சத்தியம் கித்தியம்னு ஒண்ணும் வாணாம்னு சொல்லிட்டு வந்துடறன்."

இத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அதுதான். வந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிச் சொல்லாதேம்மா என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பின்ன என்னா சொல்லச் சொல்ற, சொல்லு" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தால் அதையே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்பதுபோல் காத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவளே கையை விடுவித்துக்கொண்டு, மெல்லப் படியிறங்கிப் போனாள்.