கம்பளிக்குப் பேர் எழுதிய வாரம்

புதுக் கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த ஆடும் பாச்சை உருண்டையும் சேர்ந்தாற்போல மூக்கில் ஏறும், போர்த்தினால் கழுத்தெல்லாம் அரிக்கும், ஆனாலும் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் பனிக்காலம் பிறக்குமுன் கொடுக்கப்படும் அந்தக் கறுப்புக் கம்பளிக்காக, ‘லைன்’ என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகள் முழுவதும் காத்துக் கிடக்கும். ஒரு வாரம் முன்பே ஆபீஸ் கிளார்க் ஐயா தடித்த நோட்டோடு வாசல் வாசலாக வந்து பேர் எழுதிக்கொண்டு போவார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் தலை கூடிவிடும்; என் அம்மா திருநெல்வேலியில் இருந்த மாமனைக்கூட எங்கள் வீட்டு ஆளாக்கப் பார்த்திருக்கிறாள்.

எழுபத்தேழில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, கடைசி வீட்டுக்கு ராணி அக்கா வந்து சேர்ந்தாள். பதினேழு வயது, கூடவே சிவா, மணி என்று இரண்டு தம்பிகள். அங்கேயும் தேயிலைத் தோட்டந்தான். வீடு எரிந்தபின் மூன்று நாள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஒளிந்து பிழைத்தவர்கள். காணாமற்போன அப்பாவைத் தேடுவதற்காக அம்மா அங்கேயே தங்கிவிட்டு, பிள்ளைகளை மட்டும் தெரிந்தவர்களோடு கப்பலேற்றி அனுப்பியிருந்தாள். ராணி அக்கா கொழுந்து பறிக்கப் போனாள். தம்பிகளைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. கேட்டால், “அம்மா வரட்டும்” என்பாள்.

அந்த வருஷமும் கிளார்க் ஐயா வந்தார். ஊர்வலம் போல அவர் பின்னால் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி, வயது ஒன்பது, வாய் மட்டும் தொண்ணூறு. கடைசி வீட்டு வாசலில் ராணி அக்கா, “நான் மட்டுந்தாங்க ஐயா. வேற யாரும் இல்ல” என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“பொய் சொல்றா ஐயா! ரெண்டு தம்பி இருக்கானுவ, தேயிலைக்குள்ள ஒளிஞ்சிருக்கானுவ!”

இரண்டு கம்பளி கூடக் கிடைக்குமே என்றுதான் கத்தினேன். கிளார்க் ஐயா சிரித்துக்கொண்டே மூன்று பேர் என்று எழுதிக்கொண்டார். ராணி அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

சாயங்காலம் ஊரைவிட்டுப் போகத் துணிமூட்டையோடு கிளம்பி, அம்மாவிடம் சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். “அங்கயும் இப்பிடித்தான் சித்தி. ஒருத்தன் நோட்டோட வந்து, வீட்டுக்கு எத்தன பேருன்னு எழுதிட்டுப் போனான். மறுநாள் வந்து கொளுத்துனாங்க.”

அம்மா முதலில் என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவளைப் பார்த்து, “ஏட்டி, இங்க பேரு எழுதுனா கம்பளிதான் வரும். ஒரு வாரம் பொறு. வரலன்னா நானே பஸ் ஏத்தி விடுதேன்” என்றாள்.

அந்த வாரம் முழுவதும் கடைசி வீட்டில் மூட்டை அவிழவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பையன்கள் இருக்கிறார்களா என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், அவ்வளவு பயம். சனிக்கிழமை மூன்று கம்பளிகள் வந்தன. மூன்றையும் தலையில் அடுக்கிக்கொண்டு ராணி அக்கா மேடேறி வந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், தம்பிகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடம் வந்தாள். ஹெட்மாஸ்டர் பெரிய பதிவேட்டைத் திறந்தபோது தம்பிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை. அப்பா பேரைச் சொன்னாள். அம்மா பேரைக் கேட்டதும், “மீனாட்சி. வந்துக்கிட்டிருக்காங்க சார்” என்றாள். எழுதி முடித்த பிறகு, “ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க சார்” என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் லைனில் பெரிய ஆம்பிளைகளே ஹெட்மாஸ்டரிடம் அப்படிக் கேட்டதில்லை.

ராணி அக்காவின் அம்மா வரவில்லை. கடிதமும் வரவில்லை.

இப்போது கம்பளியும் இல்லை, லைன் இருந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதி நிற்கிறது. போன மாதம் நான் அங்கே போனதை, போடிநாயக்கனூரில் மணியோடு இருக்கும் ராணி அக்காவிடம் போனில் சொன்னேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். “போடி, நீ கத்தலன்னா ஒரே கம்பளிக்குள்ள மூணு பேரும் வெறச்சுச் செத்திருப்போம்” என்று சிரித்தாள். பிறகு, “அந்த ரிஜிஸ்டர் இருக்கான்னு பாத்தியா? அம்மா பேரு அதுல மட்டுந்தான்டி எழுதியிருக்கு” என்றாள்.

பழைய பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல், “பாத்துச் சொல்றேன்க்கா” என்றேன்.