நூற்றில் வராத அலை

பின்மண்டை முடியை விலக்கி, பசை தொட்ட கம்பியைக் கண்ணாடி பார்க்காமலே ஒட்டிக்கொள்கிறார் பசைக்காரர். ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் அது. பதினெட்டு வருஷமாக ஊரார் தலையில் பசை தடவுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் நோயாளி வருமுன் தன் தலையை வைத்தே மெஷினைச் சோதித்துவிடுவார்.

ஜன்னலில்லாத அறை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் மாறி மாறிப் புரளும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்க வேண்டும். பார்த்தது மூளைக்கு எட்டியதும் இன்னொரு திரையில் அலை ஒன்று மேடுகட்டி எழும்பும். நல்ல நரம்பென்றால் நூறு மில்லிசெகண்டு. தாமதித்தால் வழியில் எங்கோ கோளாறு.

"கரண்ட் அடிக்குமா சார்?" என்று கேட்காத ஆளில்லை.

"உங்க தலையிலேருந்துதான் கரண்ட் வரணும். வருதான்னு பாப்போம்" என்பார், சிரிக்காமல். ஆள் கண்ணயர்ந்தால் அதட்டல்: "தூங்கறதுன்னா வீட்லயே தூங்கியிருக்கலாமே!" முடிந்ததும் அதே மனுஷன் வெந்நீரில் பஞ்சை நனைத்து, பசை போகும்வரை பக்குவமாகத் துடைத்துவிடுவார்.

இன்று அவருக்கு வலது கண் நூறு. இடது கண் நூற்று முப்பத்திரண்டு.

"சனியனே" என்று மெஷினைத் திட்டினார். கம்பியை மாற்றினார். பசையை மாற்றினார். நூற்று முப்பத்துமூன்று. நாலு நாளாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். தூசி என்றே நினைத்திருந்தார்.

அறையைக் கூட்ட வந்த அம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"எனக்கு எதுக்குண்ணே? தலையில எண்ணெய் வேற வச்சிருக்கேன்."

"சும்மா உக்காரும்மா. மெஷின் மக்கர் பண்ணுது."

அவளுக்கு இரண்டு கண்ணும் நூறு, கோடு போட்டாற்போல.

"என்னண்ணே, மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"அந்தாளு நம்பவா போறாரு! அப்ப மெஷினு?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

வெந்நீரில் பஞ்சை நனைத்து அவள் தலையிலிருந்த பசையைத் துடைத்துவிட்டார். தன் இடது கண்ணின் எண்ணுக்கு என்ன அர்த்தமென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே எண்ணோடு எத்தனையோ பேரை டாக்டர் அறைக்கு அனுப்பியிருக்கிறார். பலர் தேறிப் போனார்கள். சிலரை அடுத்த தடவை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

அவள் விளக்குமாற்றோடு வெளியே போனதும், தன் தாளை அச்செடுத்து அதில் தன் பெயரை எழுதினார். டாக்டர் பார்க்க வேண்டிய தாள்களின் மேலே வைத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு அதை உருவி, கட்டுக்கு அடியில் செருகினார்.